கண் மூடியவர்களுக்குப் படம் வராது

அண்ணனின் சவப்பெட்டி முற்றத்தில் இருந்தது. அதன் தலைமாட்டில் நின்ற போதகர், "ஜெபிப்போம்" என்றார். பந்தலுக்குள் நின்ற அத்தனை பேரும் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினார்கள்.

நான் மூடவில்லை.

தார்ப்பாயில் தேங்கிய மழைத்தண்ணீர் ஒரு மூலையில் சொட்டிக்கொண்டிருந்தது. மலர்வளையங்களிலிருந்து வாடத் தொடங்கிய சாமந்தியின் வாடை வந்தது. அடுக்களைப் பக்கம் யாரோ கட்டன் சாயாவில் சீனி கலக்குகிற கரண்டிச் சத்தம். இதெல்லாம் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதே ஒரு வெட்கம்தான். ஜெபத்தில் நின்றவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது.

நான் கொக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், திருப்புறத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஒட்டுமீசை பாயசத்தில் விழுந்த கதையை எழுதினேன். நிறையப் பேர் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்த வாரமும் அப்படி ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காமிராவையும் என்னையும் பற்றி வாராவாரம் எழுதிக்கொண்டு, இதை மட்டும் தாண்டிப் போனால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். அவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை இது. மறைக்க எதுவும் மிச்சமில்லை.

கொக்கு வந்தது

கொக்கு என்றால் பறவை இல்லை. அதற்கு முந்திக் கொஞ்சம் என்னைப் பற்றி.

உதியன்குளங்கரை சந்திப்பில் எனக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீட்டுப் பால்காய்ச்சு, சாவு என்று எல்லாவற்றுக்கும் போவேன். ஒரு பொம்பளை காமிராவைத் தூக்கிக்கொண்டு வருகிறாள் என்று ஆரம்பத்தில் வாயைப் பொத்திச் சிரித்தவர்கள், பிறகு மணப்பெண் அறைக்குள் போக ஆள் வேண்டும் என்று என்னையே தேடி வந்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தாடையைத் தூக்குங்க, தோளை இறக்குங்க, வயிற்றை உள்ளே இழுங்க என்று பெரிய மனிதர்களையும் விரட்டுவேன். லில்லி வந்தால் பந்தலில் போலீஸ் வந்த மாதிரி என்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

பிறகு கல்யாணங்கள் குறைந்தன. குறைந்தன என்றால், கல்யாணம் நடந்தது, என்னைக் கூப்பிடுவது குறைந்தது. நகரத்திலிருந்து தானாகப் படம் எடுக்கிற காமிராக்கள் வந்துவிட்டன. முதலில் நானும் எல்லாரையும் போலத் திட்டினேன். திட்டிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் நானே போய் அதில் ஒன்றை வாங்கி வந்தேன்.

ஆளுயரத்துக்கு மேலே ஒரு கம்பி. அதன் உச்சியில் தேங்காய் அளவில் ஒரு உருண்டை. அதற்குள்தான் காமிரா. ஒற்றைக் காலில் நின்று, தானே கழுத்தைத் திருப்பி, தானே முகம் தேடி, தானே எடுக்கும். முதல் கல்யாணத்திலேயே பிள்ளைகள் அதற்குக் கொக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எடுப்பதோடு விடாது. எடுத்ததில் மங்கலானது, ஆடினது, கண் மூடினது எல்லாவற்றையும் அதுவே களைந்துவிடும். கும்பலில் நாலு பேர் கண் மூடி ஒருவர் திறந்திருந்தால், அந்த ஒருவரை மட்டும் பெரிதாக்கி எடுத்து வைக்கும். ஒருமுறை உங்கள் முகத்தையும் போன் நம்பரையும் அதற்குக் கொடுத்துவிட்டால் போதும். அப்புறம் எந்த விசேஷத்தில் உங்களைக் கண்டாலும், சாயங்காலத்துக்குள் உங்கள் படம் உங்கள் போனுக்கு வந்துவிடும். எங்கள் சபையில் ஒரு பெரிய கல்யாணம் நடந்தபோது பாதிச் சபையும் ஆசை ஆசையாக முகத்தைக் கொடுத்தது.

ஸ்டுடியோ வாசலில் ஒரு பிளெக்ஸ் வைத்தேன். 'கண் மூடிய படம் இனி இல்லை' என்று பெரிய எழுத்து. வாசகம் என்னுடையதுதான்.

அண்ணனின் கண்

அந்த வாசகத்துக்குக் காரணமே என் அண்ணன் ஞானமுத்து.

அமரவிளையில் பழைய செக்போஸ்ட்டுக்குச் சற்றுத் தள்ளி அவனுக்கு டயர் பஞ்சர் கடை. லாரிக்காரர்களுக்கு அவனைத் தெரியும், அவனுக்கு லாரிகளைத் தெரியும். பேச்சு குறைவு. எனக்கும் சேர்த்து அவன் மௌனமாக இருந்தான் என்பாள் அவன் மனைவி, என் மைனி.

அவனுக்கு ஒரு வழக்கம். காமிராவை அவன் பக்கம் திருப்பினால் கண் மூடிவிடும். வேண்டும் என்று செய்வதில்லை. பிளாஷ் மின்னுகிற அந்த நொடி அவன் இமைக்கு எப்படித் தெரியுமோ, சரியாக அப்போது இறங்கும். பிலிம் காலத்தில் கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. அவன் கல்யாண ஆல்பத்தை இன்றைக்கும் பார்க்கலாம். மைனி தங்கபாய் மந்திரகோடிச் சேலையில் விழித்துக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் மாப்பிள்ளை தூங்குவான். அதை எடுத்தது நான் இல்லை. என் ஆசான். ஆனால் பழி முழுக்க அண்ணனுக்கு.

டிஜிட்டல் வந்த பிறகு எனக்கு எளிதாகிவிட்டது. எடுத்ததும் பார்ப்பேன். அண்ணன் கண் மூடியிருப்பான். "ஒனக்க ஒரு படம் எடுத்துத் தொலைக்க முடியுமா" என்று திட்டிக்கொண்டே அழிப்பேன். மறுபடி எடுப்பேன், மறுபடி மூடியிருப்பான், மறுபடி அழிப்பேன். கடைசியில் அவனை ஓரமாக நகரச் சொல்லிவிட்டு மற்றவர்களை எடுப்பேன். அவனும் சிரித்துக்கொண்டே நகர்வான். இப்படி எத்தனை வருடம் அழித்தேன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கண் என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் சந்தியா வேளையில் குடும்ப ஜெபம் நடக்கும். அப்பா நீளமாக ஜெபிப்பார். பாறசாலை, நெய்யாற்றின்கரை, அங்கிருந்து உலகம் என்று எல்லாருக்காகவும் மன்றாடி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும். நான் கண்ணைத் திறந்து யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போட்டோகிராபர் புத்தி அப்போதே வந்துவிட்டது போல.

அம்மாவிடம் அகப்பட்டால் தொடையில் நிமிண்டு விழும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் மெல்லத் தன் உள்ளங்கையை என் கண்மேல் பொத்துவான். அவன் அப்போதே பஞ்சர் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். கையில் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற பசையின் மணம் அடிக்கும். ஆமென் வரைக்கும் அந்தக் கை அங்கேயே இருக்கும்.

கொக்கை வாங்கிய புதிதில் அண்ணன் அதைப் பார்க்க ஸ்டுடியோவுக்கு வந்தான். பிளெக்ஸைத் தலை தூக்கி ஒருதடவை வாசித்தான்.

"இனி ஒனக்க கண்ணு மூடின படம் வரவே வராது அண்ணே" என்றேன்.

"அப்பம் எனக்க படமே வராதே பிள்ளே" என்றான்.

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

நானும் ஒரு படத்தில்

அண்ணன் ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

மரண அறிவிப்பு அடிக்க நல்ல படம் ஒன்று வேண்டும் என்று மைனி கேட்டாள். போட்டோகிராபரின் அண்ணனுக்குப் படத்துக்கா பஞ்சம் என்று வந்திருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். நான் கம்ப்யூட்டரை முழுக்கத் துழாவினேன். ஊர்க்காரர்களின் மாமன் மச்சான் எல்லாரும் இருந்தார்கள். அண்ணன் இல்லை. கடைசியில் அவனுடைய டிரைவிங் லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். கண்ணை மூடக்கூடாது என்று யாரோ மிரட்டி எடுத்த படம். திடுக்கிட்டு விழித்தபடி இருப்பான். பிளெக்ஸில் அவனைப் பார்த்தவர்களுக்கு அவன் என்று தெரியவே சற்று நேரம் ஆயிற்று.

அண்ணனுக்கு ஒரே மகன், அஜின். கப்பலில் வேலை. தகவல் கிடைக்கும்போது அவன் நடுக்கடலில் இருந்தான். கப்பல் திரும்பாது, கரை வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வீடியோவில் பார்க்கலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. கப்பல் ஆபீஸ் வழியாக ஒரு சின்னச் செய்தி மட்டும் அனுப்பியிருந்தான். 'எல்லாரும் அப்பாக்க பக்கத்துல நிக்கிய ஒரு படம் எடுத்து வையுங்க. கரைக்கு வந்ததும் அது மட்டும் எனக்கு வேணும்.'

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெட்டியை மூடுமுன் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று ஒரு படம் எடுப்போம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தப் படம்தான் கடைசி முகம்.

மைனி என்னிடம் வந்தாள். அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "நீ எடுத்தா போரும் லில்லி" என்றாள்.

அவள் சொன்னபடி நான் எடுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை வந்தது. சாவு வீட்டில் ஆசை என்று சொல்லவே கூசுகிறது, இருந்தாலும் அதுதான் வார்த்தை. அப்பா செத்தபோது பெட்டிக்கு முன்னால் காமிராவோடு நின்றது நான். அம்மா செத்தபோதும் நான். இரண்டு படத்திலும் சொந்தக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள், மகள் இல்லை. அண்ணனோடாவது ஒரு படத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. தங்கச்சியாக, கையில் ஒன்றும் இல்லாமல்.

"கொக்கு எடுக்கும் மைனி. நானும் கூட நிக்கேன்" என்றேன்.

மைனி என்னை ஒருதரம் பார்த்தாள். நான் ஸ்டுடியோவுக்குப் போய்க் கொக்கை எடுத்து வந்து பெட்டிக்கு எதிரே நாட்டினேன். அது கல்யாணத்துக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எதையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தோன்றியது வேறு ஒன்று. ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு வந்தால் படம் கெடும். அதனால் கல்யாண வீட்டில் போடுகிற அதே சத்தத்தைப் போட்டேன். யாரும் போன் எடுக்க வேண்டாம், மெஷின் எல்லாவற்றையும் எடுக்கும், எல்லாருக்கும் வரும் என்று. எல்லாரும் அடங்கினார்கள். பக்கத்து வீட்டு சரோஜ சேச்சி மட்டும் வாழைமூட்டுக்குப் பக்கத்தில் நின்று போனைத் தூக்கினாள். அவர்கள் இந்துக்கள், ஆனால் அண்ணன் பழகிய வீடுகளில் அந்த வீடுதான் முதல். எத்தனையோ நாள் அவளுடைய ஸ்கூட்டருக்குக் காற்று அடித்துக் கொடுத்திருக்கிறான்.

"சேச்சி, அத உள்ள வையிங்க. ஒரு தடவ பறஞ்சா மனசிலாவாதா" என்றேன். அத்தனை பேர் முன்னால். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. போனை முந்தானைக்குள் இறக்கினாள்.

பிறகு பெட்டியைச் சுற்றி நின்றோம். போதகர் ஜெபிக்கத் தொடங்கினார். நான் எங்கே விட்டேனோ அந்த இடத்துக்கு இப்போது திரும்ப வந்துவிட்டேன்.

கொக்கு பெட்டியைப் பார்த்தது. உடனே கழுத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது, மறுபடி பெட்டிக்கு வந்தது, மறுபடி திரும்பிக்கொண்டது. ஏன் இப்படி ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று அது என்னைப் பார்த்து நின்றது.

இத்தனை வருடமாக ஊரையெல்லாம் விரட்டிய வாய் எனக்கு. அந்த வாய் இப்போது உள்ளுக்குள் என்னை விரட்டியது. நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். தோளை இறக்கினேன். தாடையைத் தூக்கினேன். படத்துக்கு நிற்கிறவர்கள் செய்கிற அந்த அரைச் சிரிப்பும் உதட்டில் வந்திருக்கிறது, அது எனக்கு அப்போது தெரியாது.

என் முழங்கைக்கு அருகே அண்ணன் கிடந்தான்.

சாயங்காலம்

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து எல்லாரும் கஞ்சியும் பயறும் குடித்துக்கொண்டிருக்கும்போது போன்கள் கிணுகிணுக்கத் தொடங்கின. ஒன்று, இரண்டு, பிறகு பந்தல் முழுக்க. 'உங்கள் இனிய தருணங்கள் தயார்' என்று தலைப்பு. தொட்டால் நாதஸ்வரம் வேறு வாசித்தது. சாவு வீட்டில் நாதஸ்வரம் கேட்டு அடுக்களையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

என் மானம் கப்பலேறியது அங்கேதான். ஆனால் அது ஆரம்பம் மட்டுமே.

படம் வந்தவர்கள் ஆவலாகத் திறந்தார்கள், உடனே போனைக் கவிழ்த்தார்கள். சபைப் பொருளாளர் ஜெப நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பந்தல்காரனுக்குக் கண்ணால் ஏதோ சைகை காட்டினார். இரண்டு பெண்கள் ஒருவர் சேலையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபத்தில் யார் யார் கண் திறந்திருந்தார்களோ அத்தனை பேரையும் கொக்கு பொறுக்கி எடுத்து, பெரிதாக்கி, அவரவர் கைக்கே அனுப்பியிருந்தது.

சற்று நேரத்தில் ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பிறகு படம் வராதவர்கள் எல்லாம் தலை நிமிர்ந்தார்கள். "எனக்கு ஒண்ணும் வரல்ல. நான் கண்ணு மூடித்தான் நின்னேனாக்கும்" என்று ஒரு பெரியவர் தன் வெறும் போனை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நடந்தார். படம் வந்தவர்களும் வரவில்லை என்றே சொன்னார்கள். மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அண்ணன் இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான்.

என் போனுக்கு வந்தது போல வேறு யாருக்கும் வரவில்லை. திறந்து தள்ளத் தள்ள நான்தான். நான் மேலே பார்க்கிறேன். நான் தலைப்பைச் சரிசெய்கிறேன். நான் தாடையைத் தூக்குகிறேன். நல்ல வெளிச்சம், நல்ல தெளிவு. என்னை இவ்வளவு அழகாக யாரும் எடுத்ததில்லை.

அண்ணன் ஒன்றில்கூட இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கு கண் மூடின முகத்தை வைத்துக்கொள்ளாது. பெட்டி இருக்கிற ஒவ்வொரு படத்திலும் அண்ணன் கண் மூடியிருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகக் களைந்திருக்கிறது. அழுத கண்ணைத் துவாலையால் பொத்தியிருந்த மைனியையும் களைந்திருக்கிறது. உண்மையாக அழுதவர்கள், உண்மையாக ஜெபித்தவர்கள் ஒருவரும் அதில் இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் பேசியவன் மரியாதையான பையன். களைந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை என்று மலையாளத்தில் வருத்தத்தோடு சொன்னான். பிறகு, கண் மூடின படம் வராது என்பதுதானே சேச்சி இதன் விசேஷமே என்று தயங்கிக்கொண்டு கேட்டான். அவனிடம் நான் எதற்குச் சண்டை போடுவது? மெஷினில் ஒரு குறையும் இல்லை. பிளெக்ஸில் எழுதி வைத்ததை அது எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது.

மறுநாள் காலையில் மைனியிடம் சொன்னேன். முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கையிலிருந்த நாற்காலியை மற்றதன்மேல் வைத்துவிட்டு, "அஜினுக்கு நீயே சொல்லு" என்றாள்.

சொன்னேன். கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தில் நின்ற அன்று அவன் கூப்பிட்டான். பிள்ளை முதலில் என்னைத்தான் தேற்றினான், அழாதீங்க அத்தே, சாப்பிட்டீங்களா என்று. அப்புறம் படத்தைக் கேட்டான். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் இரும்பு மோதுகிற சத்தமும் காற்றும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஒண்ணுகூட இல்லியா அத்தே?" என்றான்.

இல்லை மக்கா என்றேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன வாயால் இப்போதும் சாப்பிடுகிறேன், பேசுகிறேன், பந்தலில் சத்தம் போடுகிறேன்.

சுவர்

சில வாரம் கழித்து அண்ணன் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். எனக்குப் போகக் கால் எழவில்லை. போகாமல் இருந்தால் இன்னும் பேசுவார்கள் என்று போனேன். கடைசி ஆளாகப் போய் வாசல் பக்கம் உட்காரலாம் என்று நினைத்தேன், ஆனால் வீட்டு ஆள் என்று என்னை உள்ளே இழுத்து முன்வரிசைப் பாயில் உட்கார வைத்தார்கள்.

எதிர்ச் சுவரில் லைசென்ஸ் படம் இல்லை. அந்த இடத்தில் வேறொரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

சரோஜ சேச்சி எடுத்தது. நான் திட்டிய பிறகு, முந்தானைக்குள் இருந்து மறுபடி போனை எடுத்து, வாழை இலை மறைவில் ஒரே ஒரு தடவை அமுக்கியிருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு மைனியிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். என்னிடம் அவள் ஏன் காட்டவேண்டும்? மைனி அதை நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய் வேறு ஸ்டுடியோவில் பெரிதாக்கியிருந்தாள். அஜினுக்கும் அது போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

படம் சரிந்திருக்கிறது. ஒரு ஓரத்தை வாழை இலை மறைக்கிறது, இன்னொரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் கை. நான் எடுத்திருந்தால் அழித்திருப்பேன். ஆனால் பெட்டியைச் சுற்றி நின்ற எல்லாரும் அதில் இருக்கிறார்கள். போதகர் கண் மூடியிருக்கிறார். மைனி துவாலையில் முகம் புதைத்திருக்கிறாள். மாமாக்கள், பிள்ளைகள், கடையில் வேலை செய்கிற ஆள், எல்லாரும் கண் மூடியிருக்கிறார்கள். நடுவில் அண்ணன், எல்லாரையும் போலவே. அந்தக் கூட்டத்தில் அவன் செத்தவன் மாதிரியே தெரியவில்லை, அவனும் கூட ஜெபிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஒரே ஒருத்தி மட்டும் தாடையைத் தூக்கிக்கொண்டு, உதட்டில் அரைச் சிரிப்போடு, படத்துக்கு வெளியே மேலே எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அண்ணனோடு ஒரு படத்தில் நிற்க ஆசைப்பட்டேன். கிடைத்துவிட்டது.

கூட்டம் தொடங்குமுன் மைனி தண்ணீர் எடுக்க அடுக்களைக்குப் போனாள். நான் பின்னாலேயே எழுந்து போனேன். அந்தப் படத்தை எனக்கு ஒருநாள் தாங்க மைனி, என் கண்ணை மட்டும் மூடி வைத்துத் தருகிறேன், அந்தச் சிரிப்பையும் எடுத்துவிடலாம், பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். எனக்கு அது அரைமணி நேர வேலை. எத்தனையோ மணப்பெண்களுக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

மைனி குடத்தை இறக்கி வைத்தாள்.

"வேண்டாம் லில்லி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அவருக்க கண்ணு மூடின படத்த எல்லாம் நீ அழிச்சே. இது ஒண்ணு மிச்சம் உண்டு. இத நீ தொடாண்டாம்."

சொல்லிவிட்டு டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். நான் அவள் கழுவி வைத்ததை வாங்கித் துடைத்தேன். உள்ளே பாட்டு முடிந்து, வாங்க, ஜெபிக்கப் போகிறோம் என்று யாரோ கூப்பிட்டார்கள்.

ஸ்டுடியோ வாசல் பிளெக்ஸை எப்போதோ கழற்றிவிட்டேன். கொக்கை விற்கவில்லை. கல்யாணங்களுக்கு இன்னமும் அதுதான் போகிறது, அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, அதை மறைத்து நல்லவள் வேடம் போட எனக்கு விருப்பமில்லை. சாவுக்கு மட்டும் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கு நான் மறுபடி முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். போதகர் எழுந்து நின்று, "ஜெபிப்போம்" என்றார். நான் கண்ணை மூடினேன். சின்னப் பிள்ளைகள் மூடுவது போல, இமை நோக, இறுக்கி மூடினேன். பொத்திவிட இனி எந்தக் கையும் வராது, நானேதான் மூடிக்கொள்ள வேண்டும்.

ஆமென் சொல்லி எல்லாரும் எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பாய் சுருட்டுகிற சத்தம், டம்ளர் சத்தம், யாரோ என் தோளைத் தொட்டு, முடிஞ்சாச்சு லில்லி என்றார்கள். நான் திறக்கவில்லை. திறந்தால் எதிர்ச் சுவரில் நான் நிற்பேன்.